கொடிமலையில் இரண்டு இரவுகள்



ஆயர் ஈத்தாம் என்றால் கறுப்பு நீர் என்று பொருள். அவ்வூர் அடிவாரத்திலிருந்து, 1923-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மலை ரயில் தடத்தில் ஏறிச் சென்று, கொடிமலைக் காட்டோரத்து எளிய விடுதியொன்றில் இரண்டு இரவுகள் தங்கினேன். மின்விசிறி தேவைப்படவில்லை.

இரண்டாம் இரவு பெருமழை கொட்டியது. விடிந்ததும் ஓடையைப் பார்க்கச் சென்றேன். நீர் தெளிந்தே ஓடியது! நம் ரப்பர் நிரைகளில் அத்தகைய மழை பெய்தால் கால்வாயில் செம்மண் குழம்பன்றோ பாயும்? காட்டிலோ, அடுக்கடுக்கான இலைகள் துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. தரையில் மக்கிய சருகு நீரை உறிஞ்சி மெல்ல விடுகின்றது. அம்மலைகளின் நீரே 1962-இல் கட்டி முடிக்கப்பெற்ற ஆயர் ஈத்தாம் அணைக்கும் சேர்கின்றது. 2017 நவம்பர் பெருமழையில் பினாங்குத் தீவில் பல சரிவுகள் இடிந்து விழுந்ததை நாம் மறந்திலோம். 2021-இல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

நம் முன்னோர் காடழித்து ரப்பர் நட்டது வயிற்றுப்பாட்டுக்காக. அவர்களைக் குறை கூறேன். ஆனால் லயத்துப் பின்சரிவில் காய்கறி பயிரிடுவோர் புல்லைச் சுரண்டி வெறுமண்ணாக்குவது எதற்கு? தழை மண்மீதே கிடக்கட்டும்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் செல்வோர் கம்பளிச் சட்டை கொண்டு செல்க. குரங்குகளுக்கு ரொட்டி வீசற்க. பிறகு அவை பையைப் பறிக்கும்.