திரைக்குள் ஒரு வாள்



விறகு பிளந்து பழகியவர் ஒன்றை அறிவர். கோடரி மரத்தில் இறங்கிற்றா, வழுக்கிற்றா என்பதைக் கண் காணுமுன்னரே உள்ளங்கை உணர்ந்துவிடும். பிடியின் வழியே ஏறிவரும் அந்த அதிர்விலேதான் அடியின் நிறைவு இருக்கிறது. வீடியோ விளையாட்டுகளில் வாட்போரை அமைப்போருக்குக் கிட்டாதிருப்பது அந்த அதிர்வே. ஆட்டக்காரனின் கையில் இருப்பது வாளன்று, மவுஸ். அது எதன்மீதும் மோதுவதில்லை.

வீரனைப் புறத்தே நின்று நோக்காது, அவன் கண்களாலேயே போர்க்களத்தைக் காணும் விளையாட்டுகளில் இத்தொல்லை இரட்டிப்பாகிறது. 1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டூம்' இவ்வகையைப் பரவச் செய்தது. அதிலே துப்பாக்கி முதன்மை பெற்றதில் வியப்பில்லை. திரையின் நடுவை எதிரிக்கு நேரே திருப்பினால் போதும். குண்டு சென்று சேரும். வாளுக்கோ நீளம் உண்டு, செல்லும் பாதை உண்டு, பாரம் உண்டு. ஓரடி முன்னே நின்றால் வெட்டு. பின்னே நின்றால் வெறுங்காற்று. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். தட்டையான திரையில் அந்த ஓரடியை மதிப்பிடுவது எத்துணை அரிது என்பது புலப்படும்.

2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனத்தார் வெளியிட்ட 'மொறோவின்ட்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே வெட்டுப் பட்டதா இல்லையா என்பதை, வீரனின் தேர்ச்சியையும் களைப்பையும் கணக்கிட்டு, தாயம் உருட்டுவதுபோலக் கணினி தீர்மானிக்கும். வாள் எதிரியின் மார்பை ஊடுருவிச் செல்வதை நாம் காண்கிறோம். கணினியோ அடி தவறிற்று என்கிறது! கணக்கிற் பிழையில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்து தாயம் உருட்டி ஆடுவோரை இம்முறை உறுத்துவதுமில்லை. அங்கே வாளைக் காண்பது கற்பனைக் கண். ஊனக் கண் கண்டதை மறுத்துரைக்கும்போதுதான் மனம் கசக்கிறது. 2006இல் வந்த 'ஒப்ளிவியன்' இம்முறையைக் கைவிட்டது. வாள் தொட்டால் தொட்டதுதான். ஆயினும் அந்த வாள் நீரைக் கிழிப்பதுபோலச் சென்றதென்றே எனக்குத் தோன்றிற்று.

அதே ஆண்டில் பிரான்சின் ஆர்கேன் நிறுவனத்தார் 'டார்க் மெசையா' என்னும் விளையாட்டில் வேறொரு வழி கண்டனர். வீரனுக்கு வாளோடு ஓர் உதையையும் கொடுத்தனர். உதைபட்டவன் படிகளில் உருள்வான், சுவரிலே நீட்டிக்கொண்டிருக்கும் முட்களிற் செருகுண்பான், நெருப்பில் வீழ்வான். இது வாட்போரன்று, உதைபோர் என்று நகைத்தோர் உளர். நகைப்பில் நியாயமும் உண்டு. ஆனால் ஆட்டக்காரனின் கைக்கு வாராத பாரத்தை எதிரியின் உடல் எடுத்துக் காட்டிற்று. அதனை எளிதென்று தள்ளிவிட முடியாது.

வேறு சிறு உபாயங்களும் உள. வாள் பட்ட கணத்தில் அசைவனைத்தையும் நொடியின் சிறு கூறளவு நிறுத்திவைப்பர். திரையைச் சற்றே குலுக்குவர். இரும்பின் ஓசையைக் கனக்கச் செய்வர். ஓசையைக் கொண்டே பொருளைப் படைக்கும் இவ்வித்தை வானொலி நாடகக் கலைஞருக்குப் புதிதன்று.

எதிரே நிற்பவனும் மனிதனாயின் இன்னொரு சிக்கல் எழுகிறது. 2012இல் கனடாவிலிருந்து வந்த 'சிவல்றி' விளையாட்டில் வாள் ஓங்கப்படும், வீசப்படும், மீளும். ஒவ்வொன்றுக்கும் உரிய காலம் உண்டு. வீச்சின் நடுவே உடலைத் திருப்பி, வாளின் அலகை முந்தியோ பிந்தியோ எதிரிமேற் சேர்க்கலாம். தேர்ந்தவர்கள் இதனைப் பற்றிக்கொண்டு, எந்த வாள்வீரனும் செய்யாத வகையில் சுழன்றும் வளைந்தும் வெட்டலாயினர். காண்பதற்கு அது கோமாளிக் கூத்து. ஆடுவோருக்கோ, பன்னாட் பயின்று பெற்ற கைவன்மை.

அண்மைக் காலத்தில், கண்களை மூடும் கவசமணிந்து, கைகளையே வீசி ஆடும் முறை வந்திருக்கிறது. 2018இல் முதன்முதல் விற்பனைக்கு வந்த 'பிளேட் அன்ட் சோர்சறி' அவ்வகையினது. இங்கே மவுஸ் இல்லை. ஆனால் பழைய குறை நீங்கவில்லை. திரையிலுள்ள வாள் கேடயத்தில் மோதி நிற்க, மெய்யான கை தடையின்றி அப்பாற் செல்கிறது. ஆகவே கனத்த வாள் கையைவிடச் சற்றுப் பின்தங்கி அசையுமாறு அமைத்தனர். வெறுங்கையை வீசுபவன் அதனைக் கண்ணாற் கண்டு, பாரமானதொன்றைத் தூக்குபவன்போலத் தோளைச் சாய்த்து, மெல்ல வீசத் தொடங்குகிறான்.