மந்தையில் பாவமும் மேய்ப்பனின் கடமையும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் அருட்தந்தை ஒருவர் ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் பாவத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். கோயில் கட்டிய வரலாற்றையும் மணிக்கூண்டு எழும்பிய கதையையும் சொன்னால் கேட்க இன்பமாயிருக்கும். ஆனால் ஜூபிலி என்பது என்ன? லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊத வேண்டும். அடிமைப்பட்டவன் விடுதலை பெற வேண்டும். நிலத்தை இழந்தவன் தன் நிலத்துக்கும், பிரிந்து போனவன் தன் குடும்பத்துக்கும் திரும்ப வேண்டும். அந்த எக்காளத்தை எந்த நாளில் ஊதச் சொன்னார் ஆண்டவர்? பாவப் பரிகார நாளில்! ஆகவே பாவத்தைப் பற்றிப் பேசாமல் ஜூபிலி கொண்டாட முடியாது.

என் பிழை ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். நான் குருப்பட்டம் பெற்ற புதிதில் ஒரு சிற்றூர்ப் பங்கில் இருந்தேன். அங்கே ஓர் இளம் பெண்ணைப் பற்றி ஊரில் பேச்சு அடிபட்டது. அவளை அழைத்து நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஞாயிறு பூசையில், பெயரைச் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் விளங்கும்படி, பிரசங்கத்தில் கண்டித்தேன். "நல்ல பிரசங்கம் சாமி" என்று பலர் பாராட்டினார்கள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு முதல் அவள் தாயும் வரவில்லை.

அதே கோயிலில் முன் வரிசையில் ஒருவர் அமர்ந்திருப்பார். வட்டிக்குக் கொடுத்து, ஏழைகளின் நிலத்தை எழுதி வாங்கியவர். ஊருக்கெல்லாம் தெரியும், எனக்கும் தெரியும். அவரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. திருவிழாத் தேருக்குப் பெருந்தொகை கொடுத்தவர் அவர்தான்.

தனியே சொல்ல வேண்டியதை நான் உரக்கச் சொன்னேன். சொல்லியே ஆக வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன். மேய்ப்பர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.

நம் ஆண்டவர் காட்டிய வழி என்ன? மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் படிப்படியாகச் சொல்கிறார். முதலில் தனியே போய்ப் பேச வேண்டும். கேளாவிட்டால் இன்னும் ஒருவர் இருவரோடு போக வேண்டும். அதற்கும் இணங்காவிட்டால்தான் சபைக்குச் சொல்ல வேண்டும். சபைக்கும் செவிசாய்க்காதவனை, ஆயக்காரனைப் போல் கருத வேண்டும். கடுமையான சொல்தான். ஆனால் இதை எழுதி வைத்த மத்தேயு யார்? ஆயத்துறையிலிருந்து அழைக்கப்பட்டவர்! ஆயக்காரரோடு ஆண்டவர் எப்படி நடந்துகொண்டார்? அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பந்தியமர்ந்தார். இந்தப் போதனைக்கு முன்னால் காணாமற்போன ஆட்டின் உவமையும், பின்னால் எழுபது முறை ஏழு முறை மன்னிக்கும்படி இராயப்பருக்குச் சொன்ன பதிலும் இருப்பதையும் கவனியுங்கள். நடுவில் உள்ளதை மட்டும் பிடுங்கி எடுத்தால் அது தடியாகிவிடும்.

புனித சின்னப்பர் கொரிந்து நகரில் கண்டது வேறொரு நோய். ஒருவன் தன் தந்தையின் மனைவியோடு வாழ்ந்து வந்தான். சபையோ அதைப் பொருட்படுத்தாமல் பெருமையடித்துக் கொண்டிருந்தது. அப்போஸ்தலர் அந்த மனிதனை மட்டுமல்ல, பார்த்துக்கொண்டு சும்மா இருந்த சபையையும் கண்டித்தார். அவனை விலக்கி வைக்கச் சொன்னார். ஆனால் அவரே இரண்டாம் திருமுகத்தில், தண்டனை பெற்ற ஒருவனைக் குறித்து, அது போதும், இனி மன்னித்துத் தேற்றுங்கள், இல்லாவிட்டால் துயரத்தில் மூழ்கிவிடுவான் என்று எழுதுகிறார். இருவரும் ஒருவரே என்று பழைய உரையாசிரியர் பலர் கொண்டனர். வேறு ஆள் என்பாரும் உண்டு. எப்படியாயினும் பாடம் ஒன்றே. தண்டனைக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும்.

திருச்சபை இதைக் கற்றுக்கொண்டது எளிதாக அல்ல. 250-இல் தேசியுஸ் பேரரசனின் கலாபனையில் பலர் அஞ்சி விசுவாசத்தை மறுதலித்தனர். பின்னர் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். இவர்களுக்கு இனி இடமே இல்லை என்றான் உரோமையில் நொவாசியான். தவமின்றியே உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்றனர் வேறு சிலர். கார்த்தேஜ் ஆயரான புனித சிப்ரியான் இரண்டையும் ஏற்கவில்லை. தவம் செய்யட்டும், திரும்பி வரட்டும் என்பதே 251-இல் அங்கு கூடிய ஆயர்களின் தீர்ப்பு.

பெரிய மனிதர் பாவம் செய்தால்? 390-இல் தெசலோனிக்கேயில் ஒரு படைத்தலைவன் கொல்லப்பட்டதற்குப் பழியாக, தெயோதோசியுஸ் பேரரசனின் ஆணையால் மக்கள் படுகொலை செய்யப்பட்டனர். மிலான் ஆயர் புனித அம்புரோசியார் என்ன செய்தார்? உடனே பிரசங்கத்தில் முழங்கவில்லை. அரசன் மட்டுமே படிக்கும்படி, தம் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். நீர் தவம் செய்யாதவரை உம் முன்னிலையில் நான் பலி ஒப்புக்கொடுக்க இயலாது என்று உணர்த்தினார். கோயில் வாசலில் அரசனை வழிமறித்தார் என்ற காட்சி பிற்காலத்தார் சொன்னது. கடிதமோ உண்மை. அரசனும் பணிந்தான், அரச அணிகளைக் களைந்து, சபையின் நடுவே அழுது பாவப்பொறுத்தல் வேண்டினான். அம்புரோசியாரிடம் அடக்கமும் இருந்தது, அச்சமின்மையும் இருந்தது. என்னிடம் இரண்டும் இல்லாமற்போயிற்று.

அன்பர்களே, எல்லாப் பாவத்துக்கும் ஒரே மருந்து இல்லை. மறைவான பாவத்துக்கு இடம் ஒப்புரவு அருட்சாதனம். அங்கே கேட்டதை உயிரே போனாலும் குரு வெளியிடக் கூடாது. 1215-இல் கூடிய 4-ஆம் லாத்தரன் சங்கமே இதை மீறுவோருக்குக் கடுந்தண்டனை விதித்தது. இரண்டாவதாக, ஊர்ப்பேச்சு. பேச்சு சாட்சியம் ஆகாது. எவருடைய நற்பெயரையும் முறையின்றிக் கெடுக்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டத்தின் 220-ஆம் பிரிவு சொல்கிறது. மூன்றாவதாக, பிறரை நசுக்கும் வெளிப்படையான பாவம். வட்டிக் கொடுமையும் சாதி வேற்றுமையும் இதில் அடங்கும். 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை 2-ஆம் அருள் சின்னப்பர், சாதி வேற்றுமையின் சாயலும் கிறிஸ்தவரிடையே இருக்கலாகாது என்று வலியுறுத்தினார். கல்லறையிலும் பிரிந்து கிடக்கும் ஊர்களில், அதைப் பற்றிப் பேசாத பிரசங்கம் எதற்கு?

நான்காவதாக, குற்றம். குழந்தைகளுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமை பாவம் மட்டுமல்ல, குற்றம். 'தனியே போய்ப் பேசு' என்ற வசனத்தைக் காட்டி இதை மூடி மறைப்பவர் ஆண்டவரின் வார்த்தையைப் புரட்டுகிறார். அதே அதிகாரத்தில்தான், சிறுவருக்கு இடறலாவோன் கழுத்தில் எந்திரக்கல்லைப் பற்றிய எச்சரிப்பும் இருக்கிறது. இத்தகைய குற்றத்தை அறிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் நம் நாட்டுச் சட்டம். குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் விதித்தார். 2021-இல் திருச்சபையின் தண்டனைச் சட்டத்தையும் அவர் திருத்தி அமைத்தார். தண்டனையின் நோக்கம் மூன்று: நீதியை நிலைநாட்டுவது, தவறியவரைத் திருத்துவது, இடறலை நீக்குவது. தண்டிக்க வேண்டிய இடத்தில் தண்டிக்காதிருப்பது இரக்கமல்ல என்பதே அவர் நினைவூட்டியது. தவறியவர் குருவாக இருந்தாலும் இதுவே நியதி.

பல ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சிற்றூருக்குப் போனேன். மகள் எங்கோ வெளியூரில் இருந்தாள். தாய் படுக்கையில் கிடந்தார். கட்டிலருகே நின்று மன்னிப்புக் கேட்டேன். "சாமி, நீங்க அன்னைக்கே வீட்டுக்கு வந்திருக்கலாம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

உங்கள் பங்கின் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஐம்பது ஆண்டுப் பெயர்கள் இருக்கும். அவற்றில் எத்தனை பேர் இன்று இந்தக் கோயிலுக்கு வருவதில்லை? யார் சொன்ன சொல்லால் நின்று போனார்கள்? இந்தப் பொன்விழா ஆண்டில் பங்குத்தந்தையும் பேரவையாரும் சேர்ந்து அந்த வீடுகளின் கதவைத் தட்டுங்கள். கண்டிப்பதற்காக அல்ல; தேவையானால் மன்னிப்புக் கேட்பதற்காக. அவர்கள் வருகிற நாளில்தான் இந்த ஊரில் ஜூபிலி எக்காளம் ஊதியதாகப் பொருள்.

நல்ல மேய்ப்பராம் ஆண்டவர் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.