குடியிருப்பவரோடு வீட்டை விற்கும்போது என்ன விலை சொல்வது?

"வாடகைக்கு ஆள் இருக்கிற வீட்டை, இன்வெஸ்ட் பண்றவங்களுக்கு விக்கணும்னா என்ன விலை சொல்றது?" இதுக்கு எங்க வீட்டுக் கதையையே சொல்லிடறேன்.

சேத்தியாத்தோப்புல எங்களுக்கு ரெண்டு போர்ஷன் வீடு. ஒவ்வொண்ணுக்கும் வாடகை மாசம் 6,000 ரூபாய். அப்பா 40 லட்சம் சொன்னார். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நாலுவழிச் சாலையால மனை விலை ஏறிடுச்சுங்கிறது அவர் கணக்கு.

வாங்க வந்தவர் வேற கணக்கு போட்டார். வருஷ வாடகை 1,44,000. வீட்டு வரி, பெயிண்ட், ஆள் இல்லாத மாசம், எல்லாத்துக்கும் 24,000 கழிச்சா கையில நிக்கிறது 1,20,000. 40 லட்சத்துக்கு அது 3 சதவீதம்தான். இதுக்கு மேல முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம்னு 9 சதவீதம் அவர் கட்டணும். "பேங்க்ல போட்டாலே இதைவிட அதிகம் வருமே சார். எனக்கு 4 சதவீதமாவது வேணும்" என்றார். அப்படின்னா விலை 30 லட்சம்.

அப்போ புரோக்கர் ஒரு வழி சொன்னார்: வாடகை 9,000னு அக்ரிமெண்ட் போட்டுக் காட்டலாம். பேப்பர்ல 40 லட்சத்துக்கே 4.8 சதவீதம் வந்துடும்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. 1882ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டப்படி, வீடு கைமாறினாலும் குடியிருப்பவரோட ஒப்பந்தம் தொடரும். புது ஓனர் பழைய ஓனரோட இடத்துக்கு வருவார். அவர் 9,000 கேட்டு நின்னா, மாடியில இருக்கிற அக்கா என்ன செய்வாங்க? டிபன் கடை வச்சு ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவங்க. அப்பா ஒரே வார்த்தையில வேண்டாம்னுட்டார்.

30 லட்சத்துக்கே முடிச்சோம். அதுலயும் அட்வான்ஸ் 36,000 கழிஞ்சது. அது குடியிருப்பவங்க பணம், புது ஓனர்தான் திருப்பிக் கொடுக்கணும்.

நாங்க தப்பு பண்ணினது எங்கன்னா, பல வருஷமா வாடகையை ஏத்தவே இல்லை. ஊர் நிலவரப்படி சொல்லிட்டு, ஆயிரம் ஏத்தி 7,000 வாங்கியிருந்தா, அதே 4 சதவீதக் கணக்குல விலை 36 லட்சம். ஒரு போர்ஷனுக்கு மாசம் ஆயிரம்னா விலையில 3 லட்சம்!

அதனால விக்கிறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே மூணு வேலை முடிச்சிடுங்க: எழுத்துல ஒப்பந்தம், வாடகை பேங்க் வழியா, வரி ரசீது கையில. முதலீட்டுக்கு வாங்குறவர் விலை கொடுக்கிறது, நிரூபிக்க முடிஞ்ச வாடகைக்குத்தான்.

மாடி அக்கா இன்னும் அங்கதான் இருக்காங்க, அதே 6,000க்கு.