கைதட்டல் போதாது: தொற்றுக் காலமும் செவிலியர் மனநலமும்

(எலவனாசூர்கோட்டையில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொற்று நோய்க் காலத்தில் செவிலியர்களின் மனநலம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சாதி ஒழிப்பு மேடையில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது.

2020 மார்ச் 22 அன்று நாடே கைதட்டியது. அடுத்த சில வாரங்களில், பல ஊர்களில் செவிலியர்களை வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலசின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கும்பல் தாக்கியது. கொல்கத்தாவில் பணியாற்றிய 180க்கும் மேற்பட்ட மணிப்பூர் செவிலியர்கள், இனப் பாகுபாட்டையும் போதிய பாதுகாப்பு உடை இல்லாததையும் சொல்லி, மே மாதத்தில் வேலையை விட்டு ஊர் திரும்பினார்கள்.

கிருமிக்குச் சாதி தெரியாது. ஆனால் கிருமிக்கு அஞ்சி மனிதரை ஒதுக்கும் முறையை இந்தச் சமூகம் தீட்டிலிருந்துதான் கற்றிருக்கிறது. மலத்தையும் பிணத்தையும் தொடுகிறவரைத் தள்ளிவைத்துப் பழகிய ஊர், நோயாளியைத் தொடுகிறவரையும் தள்ளிவைக்கிறது. 'சமூக இடைவெளி' என்ற சொல் சேரியில் வளர்ந்தவர் காதில் எப்படி விழுந்திருக்கும்? உலக சுகாதார நிறுவனமே பிறகு 'உடல் இடைவெளி' என்று மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

2003இல் கனடாவின் டொரண்டோவில் சார்ஸ் பரவியது. அந்த நோயாளிகளைப் பார்த்த மருத்துவமனை ஊழியர்களிடம், ஓராண்டு இரண்டாண்டு கழித்தும் மன உளைச்சலும் சோர்வும் கூடுதலாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். போதுமான பயிற்சியும் ஆதரவும் கிடைத்ததாக உணர்ந்தவர்களிடம் பாதிப்பு குறைவு. ஆகவே இது தனிமனிதரின் மனவலிமையை மட்டும் பொறுத்ததல்ல. நிர்வாகம் எப்படி நடத்துகிறது என்பதையும் பொறுத்தது.

தமிழ்நாட்டு நிர்வாகம் எப்படி நடத்தியது? 2015இல் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி வந்த செவிலியர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் போராடினார்கள். கொரோனாவுக்காகத் தற்காலிகமாக எடுக்கப்பட்ட 2,000க்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31உடன் விடுவிக்கப்பட்டார்கள். இடஒதுக்கீட்டு விதி பின்பற்றப்படவில்லை என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. விதியைப் பின்பற்ற வேண்டியது யார்? நியமித்த அரசா, நியமனம் பெற்ற பெண்களா? பிறகு தருவதாகச் சொன்ன மாற்று வேலையும் ஒப்பந்த வேலைதான்.

அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவர், மரணத்தின் நடுவே நின்றுவிட்டு இரவில் எப்படித் தூங்குவார்? அவருக்கு யோகா வகுப்பு மட்டும் போதுமா? 2018இல் கேரளத்தில் நிபா நோயாளிக்குப் பணிவிடை செய்து உயிரிழந்த செவிலியர் லினியைத் தியாகி என்று போற்றுகிறோம். போற்றட்டும். ஆனால் தியாகி என்று பெயர் வைத்துவிட்டால் சம்பளம், விடுப்பு, பாதுகாப்பு பற்றிக் கேட்க வாயில்லாமல் போகிறது.

நமது கோரிக்கைகள் எளியவை. நிரந்தரப் பணி வேண்டும். தொற்று வார்டில் சுழற்சி முறையும் ஊதியத்துடன் ஓய்வும் வேண்டும். மேலதிகாரிக்குத் தகவல் போகாத மனநல ஆலோசனை வேண்டும். தங்க இடம் வேண்டும்.

கடைசிக் கோரிக்கை அரசிடம் அல்ல, நம்மிடம். கள்ளக்குறிச்சியில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்வராயன் மலைக்குக் கிராம சுகாதாரச் செவிலியர்கள் ஏறி இறங்குகிறார்கள். அடுத்த தொற்று வரும்போது அவர்களில் ஒருவர் இந்த ஊரில் வாடகைக்கு வீடு கேட்டு வருவார். சாதி கேட்காமல், நோய்க்குப் பயந்து கதவைச் சாத்தாமல், சாவியைக் கொடுப்போமா? அதை இப்போதே முடிவு செய்துகொள்வோம்.

ஜெய் பீம்!