நிலாவில் ஓடிய வண்டி



2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் தேதி. மாலை 6 மணி 4 நிமிடம். நம்மில் பலர் அப்போது டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். நமது சந்திரயான்-3 நிலாவின் தென்துருவப் பக்கம் மெல்ல இறங்கியது. இறங்கிய கலத்தின் பெயர் விக்ரம். அதன் வயிற்றில் இருந்த சிறிய வண்டியின் பெயர் பிரக்யான். எல்லோரும் கை தட்டினோம்.

அந்தக் கலத்தில் ஆள் யாரும் இல்லை. அப்படியானால் அதை ஓட்டியது யார்? இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பெங்களூரில் உட்கார்ந்து விஞ்ஞானிகள் ஓட்டினார்கள் என்று நினைப்போம். அது சரியல்ல. நிலா சுமார் 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வானொலி அலை அங்கே போய்ச் சேர ஒன்றேகால் நொடி ஆகும். திரும்பி வர இன்னொரு ஒன்றேகால் நொடி. மொத்தம் இரண்டரை நொடி. கண்ணை இரண்டு முறை மூடித் திறக்கும் நேரம்தானே என்று தோன்றும். ஆனால் இறங்கத் தொடங்கும்போது விக்ரம் நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போகிறது. நாம் "பிரேக் போடு" என்று சொல்லி முடிப்பதற்குள் அது நான்கு கிலோமீட்டர் தாண்டிவிடும்!

எனவே விக்ரம் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ள வேண்டும். இப்படித் தானே பார்த்து, தானே கணக்குப் போட்டு, தானே வேலை செய்யும் எந்திரத்தைத்தான் ரோபோ என்கிறோம். சினிமாவில் வருவது போல அதற்குக் கையும் காலும் தலையும் இருக்க வேண்டும் என்பதில்லை.

நிலாவில் காற்றும் கிடையாது. ஆகவே பாராசூட் விரித்து இறங்க முடியாது. எஞ்சினை எதிர்ப்பக்கமாக எரிய விட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். அது ஒன்றுதான் பிரேக். 30 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து தரைக்கு வர சுமார் 19 நிமிடம். அந்த நேரம் முழுவதும் விக்ரம் கீழே படம் எடுத்தது. உயரத்தை அளந்தது. வேகத்தை அளந்தது. சுமார் 150 மீட்டர் உயரத்தில் சற்று நின்றது. பள்ளம் இருக்கிறதா, பாறை இருக்கிறதா என்று பார்த்தது. நல்ல இடமாகத் தேர்ந்தெடுத்து இறங்கியது. விஞ்ஞானிகள் நம்மைப் போலவே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதே வேலை ஒரு முறை தவறிப் போனது. 2019 செப்டம்பர் 7ஆம் தேதி அதிகாலை. சந்திரயான்-2 கொண்டுபோன கலம் தரைக்குச் சற்று மேலே வந்தபோது தொடர்பு அறுந்தது. கலம் விழுந்து நொறுங்கியது. காரணம் என்ன? எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளின. சிறு பிழைதான். ஆனால் அது சேர்ந்துகொண்டே போனது. அதைச் சரி செய்யக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. அவ்வளவு வேகமாகத் திரும்ப அதற்கு அனுமதி கொடுத்து வைக்கவில்லை. இறங்க ஒதுக்கிய இடமும் சிறியது. அரைக் கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலம்.

அடுத்த நான்கு ஆண்டுகள் நடந்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. டி.வி.யில் அது அதிகம் வரவில்லை. என்னென்ன தவறக்கூடும் என்று ஒவ்வொன்றாக யோசித்தார்கள். ஒரு கருவி கெட்டால் என்ன செய்வது? எஞ்சின் கூடுதலாகத் தள்ளினால் என்ன செய்வது? கலத்தின் கால்களைப் பலமாக்கினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டர் நீளம், 2.4 கிலோமீட்டர் அகலம் என்று பெரிதாக்கினார்கள். திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். அவருக்குத் துணையாக இருந்தவர் கல்பனா காளஹஸ்தி என்ற பெண்மணி.

வண்டியை ஓட்டிப் பார்க்க நிலா மண் வேண்டுமே, அதற்கு எங்கே போவது? நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்று ஓர் ஊர். அங்கே கிடைக்கும் ஒருவகைக் கல் நிலாவின் மேட்டு நிலத்துக் கல்லைப் போன்றது. அதை இடித்துப் பொடியாக்கி, பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பரப்பி, அதன்மேல் சோதித்தார்கள்.

இதில் கர்வப்பட வேண்டாம். நாம் இறங்குவதற்கு நான்கு நாள் முன்னால், ஆகஸ்ட் 19ஆம் தேதி, ரஷ்யாவின் லூனா-25 நிலாவில் மோதி உடைந்தது. 1959இலேயே நிலாவுக்குக் கருவி அனுப்பிய நாடு அது.

இனி பிரக்யானைப் பார்ப்போம். எடை 26 கிலோ. ஒரு மூட்டை அரிசியில் பாதி. ஆறு சக்கரம். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். எறும்புகூட அதை முந்திவிடும்! ஆனால் அவசரம் கூடாது. கவிழ்ந்தால் தூக்கி விட ஆள் இல்லை. பிரக்யான் படம் அனுப்பும். பெங்களூரில் அதைப் பார்த்துப் பாதை போடுவார்கள். ஒரு தடவைக்குச் சுமார் 5 மீட்டர்தான் பாதை. ஆகஸ்ட் 27ஆம் தேதி முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளம் தெரிந்தது. வண்டி அதற்கு 3 மீட்டர் தூரத்தில் இருந்தது. வந்த வழியே திரும்பச் சொன்னார்கள். திரும்பியது.

மண்ணில் கந்தகம் இருப்பதைப் பிரக்யான் கண்டது. விக்ரம் ஒரு கம்பியைத் தரையில் இறக்கிச் சூடு பார்த்தது. மேலே 50 டிகிரிக்கு மேல் வெயில் சூடு. 8 சென்டிமீட்டர் ஆழத்தில், அதாவது நான்கு விரல் அகலம் கீழே, பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி. பனிக்கட்டியைவிடக் குளிர்ச்சி! நிலாவின் மண் சூட்டை எளிதில் கீழே விடுவதில்லை.

இதற்குச் சுமார் 615 கோடி ரூபாய் செலவு. இந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். புயல் வருவதைப் படம் எடுத்துச் சொல்லும் செயற்கைக் கோள்களைச் செய்வதும் இதே இஸ்ரோதான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நிலாவில் ஒரு பகல் நமக்கு 14 நாள். அதற்குள் பிரக்யான் 100 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடி முடித்தது. செப்டம்பர் 3ஆம் தேதி விக்ரம் எஞ்சினை இயக்கி, முழங்கால் உயரம் எழும்பி, பக்கத்தில் மறுபடி இறங்கியது. நாளை நிலா மண்ணை இங்கே கொண்டுவர வேண்டுமானால் அங்கிருந்து எழும்பத் தெரிய வேண்டும். சந்திரயான்-4 அதற்கான திட்டம். 2024இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

பிறகு இரவு வந்தது. கடும் குளிர். மறுபடி சூரியன் உதித்தபோது இரண்டையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை.

ஆனால் விக்ரமின் மேல் அமெரிக்காவின் நாசா தந்த சிறு கண்ணாடிக் கருவி ஒன்று இருக்கிறது. 5 சென்டிமீட்டர் அகலம். அதற்கு மின்சாரம் வேண்டாம். 2023 டிசம்பரில், நிலாவைச் சுற்றும் நாசா விண்கலம் ஒன்று சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருந்து அதன்மேல் லேசர் ஒளியை வீசியது. ஒளி பட்டுத் திரும்பி வந்தது. விக்ரம் நிற்கும் இடத்தை அதைக்கொண்டு இனியும் கண்டுபிடிக்கலாம்.