தந்தையின் மாத்திரை மகனுக்கு ஆகுமா?



"எங்கள் குடும்பத்திற்கே பிரஷர் உண்டு" என்று நாம் சொல்வது பொய்யன்று. மனிதருக்கு மனிதர் இரத்த அழுத்தம் வேறுபடுவதில் ஏறத்தாழ 30 முதல் 50 சதவீதம் மரபணுக்களின் பங்கென்று ஆய்வுகள் கூறுகின்றன. பெரும்பாலோரிடம் அது ஒரு மரபணுவின் வேலையன்று; நூற்றுக்கணக்கானவை சேர்ந்து சிறுகச் சிறுகக் கூட்டுகின்றன.

ஒரே மரபணுவால் வருவதும் அரிதாக உண்டு. அமெரிக்க மருத்துவர் கிராண்ட் லிடில் 1963-இல் ஒரு குடும்பத்தைக் குறித்து எழுதினார். இளம்பெண் ஒருவருக்கும் அவருடைய உடன்பிறந்தாருக்கும் உயர் இரத்த அழுத்தம். ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மிகுந்ததுபோல் தோன்றியது. அளந்தால் குறைவாகவே இருந்தது. அந்த ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் பலிக்கவில்லை. சிறுநீரகம் உப்பை மீண்டும் ஈர்ப்பதை நேரே தடுக்கும் டிரையாம்டெரீன் பலித்தது. காரணமான மரபணு மாற்றம் 1994-இல்தான் தெரியவந்தது. பின்னாளில் அப்பெண்ணுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியபின் அழுத்தமும் சீரடைந்தது.

நமக்குப் பழக்கமான மாத்திரைகளிலும் இவ்வேறுபாடு உண்டு. மெட்டோபிரோலாலைக் கல்லீரல் சிதைக்கும் வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும். மெதுவாகச் சிதைப்பவருக்கு அதே அளவு மருந்து நாடித்துடிப்பை மிகவும் தாழ்த்திவிடலாம். பிள்ளையின் மரபணுக்களில் பாதிதான் தந்தை வழி. மறுபாதி தாய் வழி. ஆகவே வாப்பாவின் மாத்திரையை (வீணாகக் கூடாதென்று!) எடுத்து விழுங்காமல், மருத்துவரிடம் குடும்ப விவரத்தையும், முன்பு ஒத்துக்கொள்ளாத மாத்திரையின் பெயரையும் நாம் சொல்ல வேண்டும். பெற்றோருக்கு இருப்பின், இளவயதிலேயே அழுத்தத்தை அளந்து பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.