நூற்றுக்கு 98 என்னும் விளம்பரம்

(அருள்புரம் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இவ்வூர்ச் சாயப்பட்டறைத் தோழர் ஒருவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. அவர் தம்பி ஒரு விளம்பரத் தாளோடு என்னிடம் வந்தார். ஓர் ஆஸ்பத்திரி, தன்னிடம் சிறுநீரக மாற்று "நூற்றுக்கு 98 வெற்றி" என்று அச்சடித்திருந்தது. "அண்ணா, இதை நம்பலாமுங்களா?" என்றார். ஜாதகமாயிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன். இதற்கு யோசிக்க வேண்டியதாயிற்று. நான் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஒப்புக் கொள்ளுங்கள்.

முதலாவது, எத்தனை பேருக்குச் செய்து இந்தக் கணக்கு? வருஷம் 5 பேருக்குச் செய்கிற இடத்தில் 5 பேரும் பிழைத்தால் நூற்றுக்கு 100. மறுவருஷம் ஒருவர் இறந்தால் 80. அதற்குள் வைத்தியர் கை கெட்டுவிட்டதா? பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் தோழர்களே, 5 பீஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு மொத்தச் சரக்கையும் பாஸ் செய்வீர்களா? இன்னும், வெற்றி என்பது எது? உயிரோடு வீட்டுக்கு அனுப்பியதா, ஒரு வருஷம் கழித்தும் சிறுநீரகம் வேலை செய்வதா? மருந்து வாங்கக் காசில்லாமல் நிறுத்திவிட்டவன் எந்தக் கணக்கில் சேருகிறான்?

இதைவிடப் பெரியது, யாருக்குச் செய்தார்கள் என்பது. சுலபமான துணியை மட்டும் வாங்கித் தைக்கிறவன் தன்னிடம் டேமேஜே இல்லையென்று மார்தட்டலாமல்லவா? சர்க்கரை வியாதிக்காரனையும் இருதயம் பலவீனமானவனையும் தள்ளிவிட்டு, இளவயதுக்காரனுக்கே செய்தால் கணக்கு பிரகாசிக்கத்தான் செய்யும்.

அமெரிக்காவில் 1984 சட்டத்தின்படி ஒரு தனிப் பதிவகம் ஏற்பட்டு, நோயாளியின் வயதையும் வியாதியையும் கழித்துப் பார்த்து, ஆஸ்பத்திரிவாரியாகக் கணக்கு வெளியிடுகிறது. 2007ல் அந்நாட்டுச் சர்க்கார், கணக்கில் பின்தங்கிய ஆஸ்பத்திரிக்குத் தன் இன்ஷூரன்ஸ் அங்கீகாரம் போய்விடலாம் என்று விதி செய்தது. பலன்? ஆபத்தான நோயாளியையும் சுமாரான உறுப்பையும் ஆஸ்பத்திரிகள் ஒதுக்குவதாகப் புகார் கிளம்பி, 2019ல் அவ்விதியைச் சர்க்காரே கைவிட்டது. நல்ல எண்ணத்தோடு எடுத்த கணக்கின் கதியே இது!

நம் நாட்டிலோ 1994ல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2008 முதல் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பதிவு வரிசைப்படி பங்கிட ஏற்பாடும், 2014ல் அதற்கென்று ஓர் ஆணையமும் ஏற்பட்டன. இவை மெத்தச் சரி. ஆனால் செய்து கொண்டவர்களில் எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் பிழைத்திருக்கிறார்கள் என்று வெளியார் சோதித்த கணக்கு பொதுஜனங்கள் கையில் இல்லை. பலித்ததை மட்டும் ஜோசியன் சொல்லுவதுபோல், அவரவர் சொல்லுவதே கணக்கு. ஆகையால் கணக்கே வேண்டாமென்பதல்ல என் கட்சி. சர்க்கார் எண்ண வேண்டும், தள்ளிவிடப்பட்டவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதே.

அந்தத் தம்பி மேற்படி கேள்விகளை எழுதிக்கொண்டு போனார். பதில் கிடைக்கவில்லை. அண்ணனின் சர்க்கரையையும் இருதயத்தையும் சோதித்துவிட்டு, "எங்களால் ஆகாது" என்று அனுப்பிவிட்டார்கள். அவரை அந்த 98லும் காணோம், மீதி 2லும் காணோம். இப்போது சர்க்கார் ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்துவிட்டு, வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் போய் வருகிறார். இன்று இக்கூட்டத்துக்கும் வந்திருக்கிறார்.